நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது?

கேள்வி

ஐந்து வயதுப் பூனை. காலையில் ஜன்னல் திட்டில் உட்கார்ந்து காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மதியம் ஒரே ஒரு கத்தல். ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் பின்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு கிடந்தது. மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விஷமா, எதையாவது விழுங்கிவிட்டதா, நான்தான் கவனிக்காமல் விட்டேனா, ஒன்றும் புரியவில்லை. வீட்டில் "பூனைதானே" என்கிறார்கள். எனக்கு வேலை ஓடவில்லை. சொந்தத்தில் மனிதர்கள் போனபோதுகூட இப்படி அழுததில்லை, அது வேறு உறுத்துகிறது. இது இயல்புதானா?

மார்ச் 4

இயல்புதான். ஆனால் கேள்வியைத் திரும்பப் படித்தால், 'அழலாமா' என்பதைவிட 'ஏன் செத்தது' என்பதுதான் அதில் பெரிதாக நிற்கிறது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு கத்தல், அதோடு பின்கால்கள் இரண்டும் ஒரேயடியாகச் செயலிழப்பது. இதைக் கேட்டால் கால்நடை மருத்துவர்கள் முதலில் இதயத்தைத்தான் சந்தேகிப்பார்கள். பூனைகளுக்கு அதிகம் வரும் இதயநோய், இதயத் தசை தடித்துப்போவது. ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்று பெயர். தசை தடிக்கத் தடிக்க உள்ளறை குறுகும், இடது மேலறை வீங்கும், அங்கே ரத்தம் தேங்கி உறையும். உறைந்த கட்டி ஒருநாள் கிளம்பிப் போய், பெருந்தமனி இரண்டு பின்கால்களுக்கும் பிரிகிற கவையில் அடைத்துக்கொள்ளும். கால் சில்லென்று ஆகிவிடும். வலி தாங்க முடியாது, அந்தக் கத்தல் அதனால்தான். பூனைகளில் நூற்றுக்குச் சுமார் 15-க்கு இந்தத் தடிப்பு இருப்பதாகக் கணக்கு. அவற்றில் பல ஆயுள் முழுக்க எதையும் காட்டிக்கொள்வதில்லை. ஸ்டெதாஸ்கோப்பில் ஒரு சத்தமும் கேட்காமலேயே நோய் இருக்கலாம், எக்கோ, அதாவது இதயத்தை ஸ்கேன் செய்து, எடுத்தால்தான் தெரியும். மெயின் கூன், ராக்டால் இனங்களுக்கு மரபணு வழியாகவே வருகிறது. சாதாரண வீட்டுப் பூனைகளையும் அது விட்டுவைப்பதில்லை.

உங்கள் பூனைக்கு இதுதான் என்று இங்கிருந்து நான் அடித்துச் சொல்ல முடியாது. கால் சில்லிட்டிருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். நினைவிருந்தால் அதையும் அந்த மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள். "கவனிக்காமல் விட்டேனா" என்பதற்கு மட்டும் இப்போதே பதில் சொல்லலாம். காலையில் காக்கை பார்த்துக்கொண்டிருக்கிற பூனையைத் தூக்கிக்கொண்டு யாரும் எக்கோ எடுக்க ஓட மாட்டார்கள்.

மார்ச் 4, இரவு

எங்கள் நாய்க்கு வக்கீல் என்று பெயர். குட்டியில் வேறு ஏதோ பெயர்தான் வைத்தோம். யார் என்ன பேசினாலும் பதிலுக்குக் குரைப்பான், கடைசிக் குரைப்பு தன்னுடையதாக இருந்தால்தான் அடங்குவான். பெயர் தானாக மாறிவிட்டது.

ஒரு மாலை நடை முடிந்து வந்து தண்ணீர் குடித்தான், படுத்தான், எழவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு காகிதமாக வெளுத்திருந்தது. வயிறு உப்பியிருந்தது. மருத்துவர் வயிற்றில் ஊசி ஏற்றி இழுத்ததும் சிரிஞ்சில் ரத்தம் வந்தது. மண்ணீரலில் கட்டி இருந்து உடைந்திருக்கலாம் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வக்கீல் போய்விட்டான்.

ஹெமாஞ்சியோசார்கோமா என்று ஒரு புற்றுநோய். ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களில் பிறப்பது. ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார் மாதிரி பெரிய நாய்களில், நடுவயது தாண்டியவற்றில் அதிகம் வரும். உடையும்வரை பெரும்பாலும் வெளியே தெரியாது. சில சமயம் கொஞ்சமாகக் கசியும். அன்றைக்கு நாய் சோர்ந்து கிடக்கும். கசிந்த ரத்தத்தை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும், மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து ஓடும். வக்கீலுக்கும் அப்படி ஒரு சோர்ந்த நாள் இருந்தது. வெயில் என்றோம். அந்த நாளை நான் மனதில் ஓட்டிப் பார்த்த அளவுக்கு என் வாழ்க்கையில் வேறு எந்த நாளையும் ஓட்டிப் பார்த்ததில்லை.

நாள்பட்ட நோயில் போகிற பிராணிக்குக் கேள்விகளெல்லாம் வழியிலேயே வந்துவிடும். மருந்தை மாற்றலாமா, அறுவை செய்யலாமா, இன்னும் இழுக்க வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில் சொல்லி, ஒருவழியாக ஓய்ந்திருப்போம். திடீர்ச் சாவில் அத்தனையும் செத்த பிறகு மொத்தமாக வந்து நிற்கும். அழ வேண்டிய நேரத்தில் துப்பறிந்துகொண்டிருப்போம். நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பது அதுதான்.

மார்ச் 6

உடலைத் திறந்து பார்ப்பதா வேண்டாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் இதற்காகச் சண்டையே நடந்தது. "போன உயிரைப் போட்டு எதற்கு அறுக்கணும்" என்றார் அப்பா. நானும் அக்காவும் பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றோம். பார்த்தார்கள். மண்ணீரலில் கட்டி, கல்லீரலிலும் புள்ளி புள்ளியாகப் பரவியிருந்தது. சோர்ந்த அன்றைக்கே கொண்டுபோயிருந்தாலும் சில வாரமோ சில மாதமோ கூடுதலாகக் கிடைத்திருக்கும், அவ்வளவுதான் என்றார் மருத்துவர். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அறுத்தது சரி என்று எனக்குத் தோன்றியது.

செய்வதாக இருந்தால் அன்றே முடிவெடுக்க வேண்டும். உடலைக் குளிரில் வைக்கலாம், உறைய வைக்கக் கூடாது. உறைந்தால் பனிப்படிகம் திசுவைக் கிழித்துவிடும், நுண்ணோக்கியில் பார்க்கும்போது சரியாகத் தெரியாது. விஷச் சந்தேகம் இருந்தால் வாந்தி, சாப்பிட்ட மீதி, பாக்கெட் எதையும் கழுவித் தள்ளாமல் எடுத்து வையுங்கள். பார்த்தாலும் எல்லாச் சாவுக்கும் காரணம் கிடைத்துவிடாது. இதயத் தாளம் தப்பிச் செத்த பிராணியின் உடலில் சில நேரம் பார்வைக்கு ஒன்றுமே இருக்காது.

வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் அதற்காகவும் ஒரு குற்ற உணர்வைச் சுமக்காதீர்கள், ஏற்கெனவே இருப்பது போதும்.

மார்ச் 7

நேற்று எழுதியதும் ஹச்சிகோ ஞாபகம் வந்தது. டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில், இறந்துபோன பேராசிரியருக்காகக் காத்திருந்த அகிட்டா நாய். பேராசிரியர் போனது 1925, ஹச்சிகோ போனது 1935 மார்ச் 8. கதை எல்லாருக்கும் தெரியும். தெரியாத பகுதி இதுதான். வயிற்றில் கோழிக்கறி குத்தும் குச்சிகள் கிடைத்ததால், யாரோ தின்னக் கொடுத்த குச்சிதான் கொன்றது என்று ஒரு பேச்சு வெகுகாலம் ஓடியது. உறுப்புகளைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 2011-இல் எடுத்துப் பரிசோதித்தார்கள். இதயத்திலும் நுரையீரலிலும் புற்றுநோய், கூடவே இதயப்புழு. குச்சிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை.

பாசத்தோடு ஊட்டிய யாரோ ஒருவர் பேரில் அத்தனை வருடம் பழி இருந்திருக்கிறது. அவரும் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்.

மார்ச் 11

"பூனைதானே."

இதற்குக் கோபமாக ஒரு பதில் எழுதி அழித்துவிட்டேன். சொல்கிறவர்களில் பாதிப் பேர் நம்மைச் சீக்கிரம் தேற்றிவிடலாம் என்று நினைத்துச் சொல்கிறார்கள். பூனை சின்னதானால் துக்கமும் சின்னதாகிவிடும் என்று ஒரு கணக்கு.

கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களில் இதைப் பற்றி எழுதினார். ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று ஒரு வகை உண்டு என்றார். விவாகரத்தான முன்னாள் துணையின் சாவு, கருச்சிதைவு, செல்லப் பிராணி எல்லாம் அதில் சேரும். இழப்பு உண்மையானது, ஆனால் விடுப்பு கிடையாது, துக்கம் கேட்க ஆள் வராது, அழுதால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மருத்துவப் புத்தகங்களே இன்னும் அந்த இடத்தில்தான் நிற்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022-இல் நடைமுறைக்கு வந்தது. நீடித்த துக்கக் கோளாறு என்று அதில் ஒன்று இருக்கிறது, ஆறு மாதத்துக்கு மேல் ஆளை முடக்கிப்போடும் துக்கம். அதற்கு எழுதிய வரையறையில் துணை, பெற்றோர், பிள்ளை, நெருங்கிய வேறொரு நபர் என்றுதான் இருக்கிறது. வக்கீல் நபர் இல்லை. இருந்திருந்தால் வாதாடியிருப்பான்.

உடம்புக்கு இந்த வரையறையெல்லாம் தெரியாது. 2017-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த செய்தி இது. அமெரிக்காவில் 61 வயதுப் பெண் ஒருவர் மாரடைப்பு மாதிரியான நெஞ்சு வலியோடு வருகிறார். சோதித்தால் இதயக் குழாயில் அடைப்பு இல்லை. டாகோட்சுபோ. கடும் அதிர்ச்சியில் இதயத்தின் ஒரு பகுதி தற்காலிகமாகத் துவண்டுபோகும் நிலை, 1990-இல் ஜப்பானியர்கள் விவரித்தது. கொஞ்ச நாள் முன்புதான் அவருடைய நாய் இறந்திருந்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. நெஞ்சு வலித்தால் 'மனசு சரியில்லை' என்று உட்கார்ந்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

மார்ச் 11, கொஞ்ச நேரம் கழித்து

மனிதர்களுக்கு அழாத அழுகை பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.

பெரியப்பா இறந்தபோது நான் அவ்வளவாக அழவில்லை. அவரை வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பேன். வக்கீல் குளியலறை வாசலில் குறுக்கே படுத்துக்கொள்வான், எல்லோரும் அவனைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அவன் போன பிறகு கால் தானாகத் தூக்கித் தாண்டியது. எனக்கு மட்டுமில்லை, அப்பாவுக்கும். ஒருநாள் அப்பா வெறும் தரையைத் தாண்டினார், நான் பார்த்துவிட்டேன், நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. உடலை அறுக்க வேண்டாம் என்று சொன்ன மனிதர் ஏன் அப்படிச் சொன்னார் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

யார் மேல் அன்பு அதிகம் என்று காட்டும் தராசு இல்லை அழுகை. தினசரி எங்கெல்லாம் இடிக்கிறது என்பதைப் பொறுத்து அது வரும், போகும். பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

மார்ச் 12

துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டங்கள் சொல்வார்களே, அதில் தான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்று ஒருவர் கேட்கிறார். கோபம் முடிந்து பேரம் வந்துவிட்டதாம், ஆனால் மறுபடி கோபம் வருகிறதாம்.

எலிசபெத் குப்லர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் அதை 1969-இல் எழுதியது சாகப்போகிற நோயாளிகளிடம் பேசிவிட்டு. இழந்தவர்களுக்கு அதைப் பொருத்தியது பின்னால் நடந்தது. படிக்கட்டு மாதிரி யாரும் ஏறுவதில்லை. மறுபடி கோபம் வந்தால் வரட்டும்.

மார்ச் 15

6-ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். காரணம் தெரிந்தால் குற்ற உணர்வு அடங்கும் என்கிற தொனியில் எழுதிவிட்டேன். காரணம் நம் கைக்கு வெளியே இருந்தால்தான் அது சரி.

தெரிந்த பெண் ஒருவர் ஒரு விசேஷத்துக்கு வந்த பூங்கொத்தை மேசையில் வைத்தார். அதில் லில்லி இருந்தது. அவருடைய பூனை மகரந்தத்தில் உரசிவிட்டு, தன் ரோமத்தை நக்கியிருக்கிறது. லில்லி பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும். இலை, பூ, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே ஆபத்து. நாய்க்கு அந்த அளவுக்கு ஒன்றும் செய்வதில்லை, பூனைக்குத்தான் எமன். முதல் நாள் வாந்தி, அப்புறம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது, அதற்குள் சிறுநீரகம் நின்றுவிட்டது. அவருக்குக் காரணம் துல்லியமாகத் தெரியும். பூவை ஜாடியில் வைத்தது அவருடைய கைதான்.

அவரிடம் "உன் தப்பில்லை" என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் நம்பவில்லை, எப்படி நம்புவார்? கடைசியில் ஒரு கால்நடை மருத்துவர் வேறு மாதிரி சொன்னாராம்: "ஆமாம், பூதான் காரணம். பூனை இருக்கிற வீடுகளில் பாதிக்கு இது தெரியாது. உங்களுக்கும் தெரியாது." காரணம் அவர் கையில் இருந்தது, தெரிந்து செய்யவில்லை, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. முதலாவதை மறுக்காமல் இரண்டாவதைச் சொன்னபோதுதான் அவருக்குக் காதில் விழுந்தது. இப்போது பூனை வளர்க்கும் யாரைப் பார்த்தாலும் லில்லியைப் பற்றி எச்சரிக்கிறார், கல்யாண வீட்டில்கூட. கொஞ்சம் தொல்லைதான். ஆனால் சில பூனைகளாவது பிழைத்திருக்கும்.

ஆகவே காரணத்தை ஒருமுறை கேளுங்கள், முழுதாகக் கேளுங்கள், தெரிந்தவரிடம் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கைபேசியில் தேடுவது கேட்பதில் சேராது. அதற்கு முடிவே கிடையாது.

மார்ச் 20

வீட்டில் மிச்சமிருக்கும் இன்னொரு பூனை சாப்பிடவில்லை, இதுவும் துக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

2022-இல் இத்தாலியில் 426 பேரிடம், வீட்டில் இரண்டு நாய்களாவது இருந்து ஒன்று இறந்துபோன குடும்பங்களில், ஒரு ஆய்வு செய்தார்கள். இருக்கும் நாய் விளையாட்டைக் குறைத்தது, அதிகம் தூங்கியது, குறைவாகச் சாப்பிட்டது, நம்மையே சுற்றிச் சுற்றி வந்தது என்று பலர் சொன்னார்கள். சொன்னவர்களும் துக்கத்தில் இருந்தவர்கள்தான் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நாம் வாடியிருந்தால் நாயும் வாடியிருப்பதாகத் தெரியும். நாம் வாடியிருப்பதைப் பார்த்தே அது வாடலாம். எது எதிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது.

பூனை விஷயத்தில் இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு அடைந்து உயிருக்கே ஆபத்தாகலாம், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். துக்கமோ நோயோ, உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள். இதையும் கவனிக்காமல் விட்டோமே என்று அப்புறம் இன்னொரு விசாரணை வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்யலாம், இதயக் கவலை இருப்பவர்கள். பூனை நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30-க்கு மேல் தொடர்ந்து போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தினமும் எண்ண வேண்டாம். நான் அக்கா வீட்டு நாய்க்கு எண்ண ஆரம்பித்து, அது என்னைக் கண்டாலே எழுந்து வேறு அறைக்குப் போக ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 21

குழந்தைகள்: செத்துப்போச்சு என்றே சொல்லுங்கள். தூங்குகிறது என்றால் குழந்தைக்கு ராத்திரி படுக்கவே பயம் வரும். ஊருக்குப் போயிருக்கிறது என்றால் எப்போது வரும் என்று தினம் கேட்கும். ஐந்து வயதுக்குள் இருந்தால், சொன்ன பிறகும் எப்போது வரும் என்றுதான் கேட்கும். மறுபடி சொல்லுங்கள்.

ஏப்ரல் 2

புகைப்படத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டவருக்கு: ஏன்? மறந்தால்தான் துக்கம் முடியும் என்பது பழைய கருத்து. 1990-களிலிருந்தே துக்க ஆய்வாளர்கள் பலர், இறந்தவரோடு உறவு வேறு வடிவத்தில் தொடர்வதுதான் இயல்பு என்று சொல்லிவருகிறார்கள்.

நம்மவர்களுக்கு ஆய்வாளர் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். செத்த வீரனுக்கு எடுத்த கல், பக்கத்தில் ஒரு நாய். நாயின் பெயரும் வெட்டியிருக்கிறது: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்வெட்டு சொல்கிறது. கல் வெட்டத் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு, இடம் குறைவான பாறையில், நாயின் பெயரையும் போடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நாய்தானே" என்று சொல்ல அன்றைக்கும் ஆள் இருந்திருப்பான், கேட்கவில்லை.

இன்னும் பின்னால் போனால், ஜெர்மனியில் ஓபர்காசல் என்ற இடத்தில் 1914-இல் கிடைத்த கல்லறை, சுமார் 14,000 வருடம் பழையது. ஓர் ஆண், ஒரு பெண், ஒரு நாய்க்குட்டி. பல்லில் இருந்த தழும்பை வைத்து, அந்தக் குட்டிக்கு டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய் வந்து வாரக்கணக்கில் கிடந்திருக்கிறது என்கிறார்கள். அந்த நோயில் கிடக்கிற குட்டி வாந்தியும் பேதியுமாக இருக்கும். யாராவது துடைத்து, தண்ணீர் காட்டிப் பார்த்திருந்தால்தான் அத்தனை நாள் பிழைத்திருக்க முடியும். அந்த வயதில் வேட்டைக்கும் காவலுக்கும் அது ஒன்றுக்கும் ஆகியிருக்காது.

ஏப்ரல் 9

இன்னொன்று வாங்கலாமா, எப்போது?

இதற்கு நாள் குறிக்க யாராலும் முடியாது. அக்கா மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கவில்லை. நான் இன்னும் வளர்க்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொஞ்ச காலம் தப்பாகத்தான் நினைத்தோம். அவளுக்கு என்னைப் பார்த்தால் அழுத்தக்காரன், எனக்கு அவளைப் பார்த்தால் கல்நெஞ்சக்காரி. உங்களைக் கேட்காமல் யாரும் குட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பரிவாகத்தான் செய்வார்கள். ஆனால் குட்டிக்கு முதல் வாரத்திலிருந்தே ஆள் வேண்டும், உங்களுக்கு அதைத் தூக்கவே கை வராமல் போகலாம்.

அதே பெயரை வைக்கலாமா என்று ஒருவர். வையுங்கள். என் கருத்தைக் கேட்டால் வேண்டாம் என்பேன், ஆனால் என்னை ஏன் கேட்கிறீர்கள்?

மே 1

வக்கீலுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடும் நாள் நெருங்குகிறது என்று கைபேசியில் செய்தி வந்தது. அவன் போனது அந்த மருத்துவமனைக்கே தெரியும். கணினிக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை போல. வருடாவருடம் வந்துகொண்டுதான் இருந்தது, நானும் விட்டுவிட்டேன். இந்த முறை அழைத்து, பெயரை எடுத்துவிடச் சொன்னேன். "என்ன பெயர் சார்?" "வக்கீல்." "உங்க பெயர் இல்லை சார், நாயோட பெயர்." சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

புதிதாக இழந்தவர்கள் இந்த வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்: மருத்துவமனைப் பதிவு, மாதாமாதம் தானாக வரும் உணவு, கழுத்தில் அடையாளச் சில்லு (மைக்ரோசிப்) போட்டிருந்தால் அதன் பதிவு, காப்பீடு. அரை மணி நேர வேலைதான். நீங்கள் செய்ய வேண்டாம்.